வீதியும் வனமும்: ஊவாவின் காப்பு வனங்களில் வாகன விதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ-4 வீதியிலிருந்து பெரகல சந்தியில் ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறுகின்றது; பிரதான வீதி கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. ஏறும் வழியிற் சென்றால் ஹோட்டன் சமவெளியை அடையலாம். இறங்கும் வழியிற் சென்றால் புத்தல ஊடாக யாலவை அடையலாம். இரண்டும் தேசிய பூங்காக்கள். இரண்டையும் ஆள்வது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே. எனினும் யாலவில், குறித்த சில இடங்கள் தவிர, வாகனத்தை விட்டு இறங்குதல் குற்றம். ஹோட்டன் சமவெளியிலோ ஃபார் இன் விடுதியோடு வாகனம் நின்றுவிட, உலக முடிவுக்கு எவரும் நடந்தே செல்லவேண்டும். ஒரே சட்டம் ஓரிடத்திற் காலையும் மற்றோரிடத்திற் சக்கரத்தையும் தடுப்பதற்குக் காரணம் யாது?

யானை, கரடி, சிறுத்தை ஆகியவற்றால் நேரும் ஆபத்தே காரணம் என்பர். அது உண்மையே, ஆயின் அரைப்பகுதி உண்மை. 19ஆம் நூற்றாண்டில் ஹோட்டன் சமவெளியிலும் யானைகள் இருந்தன. இன்று அங்கு நாம் அச்சமின்றி நடப்பது, அவை அங்கு அழிக்கப்பட்டமையாலேயே சாத்தியமாயிற்று.

அழித்தவர் யார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதியற்ற காட்டுநிலங்களை முடிக்குரியனவாகக் கொண்டு, கோப்பித் தோட்டங்களுக்கு வழிதிறந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வீதி தேவைப்பட்டது. வீதிக்கும் பயிருக்கும் யானை இடையூறாயிற்று. அதன் தலைக்கு அரசு வெகுமதி வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையே தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் வெகுமதி கொடுக்கப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். பதுளையில் நிருவாகியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 அளவில் யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து அவர் இறந்தார். தெய்வத் தண்டனை என்று கதை கட்டுவோர் இன்றுமுளர். அரசு பணங்கொடுத்துச் செய்வித்த காரியத்தை ஒரு தனிமனிதனின் பாவமாக்கிவிடுவது வசதியானதுதான்.

5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியாது காக்குமாறு 1873இல் தாவரவியலாளர் ஹூக்கர் விடுத்த ஆலோசனை ஏற்கப்பட்டது. அவ்வுயரத்துக்கு மேல் கோப்பி செழிப்பதில்லை என்பதும் உடன் நோக்கற்பாலது. இலாபம் ஓயும் கோட்டிலேதான் பாதுகாப்புத் தொடங்கிற்று.

யாலவின் வரலாறு வேறு வகைப்பட்டது. வேட்டை விலங்குகள் அருகத் தொடங்கியதும், வேட்டையாடிய கனவான்களே அவற்றைப் பேண 1894இல் சங்கம் அமைத்தனர். 1900இல் யால சரணாலயமாக்கப்பட்டது. அதனையடுத்த நிலம், நாட்டில் வதியும் ‘விளையாட்டு வீரர்’ எனப்பட்ட துரைமாரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டது. அங்கு முதற் காவலராக நியமிக்கப்பட்ட ஏங்கல்பிரெக்ட், பெரகலையிலிருந்து அதிக தூரமில்லாத தியத்தலாவை முகாமுக்கு 1900இற் கொண்டுவரப்பட்ட போயர் போர்க்கைதிகளுள் ஒருவர். 1938இல் யால தேசிய பூங்காவாயிற்று. துப்பாக்கியின் இடத்திற் புகைப்படக் கருவி வந்தது. குதிரையின் இடத்தில் ஜீப் வந்தது. உரிமச் சீட்டுடன், வழிகாட்டியுடன், கூரையின் கீழிருந்து விலங்கை நோக்கும் அந்த இருக்கை மட்டும் மாறவில்லை.

இதனாலே வாகன விதிகள் வேண்டாவென்று கூறுவது பேதைமை. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகவரம்பு, வகுத்த தடத்தை விட்டு விலகாமை, விலங்குகளுக்கு உணவிடாமை ஆகியன அவசியமானவை. ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து டசின் கணக்கில் ஜீப்புகள் முண்டியடிக்கும் காட்சியைக் கண்டோர் இவ்விதிகள் இன்னும் கடுமையாக வேண்டும் என்றே கூறுவர். என் வினா வேறு: விதி யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது? அது எதிர்பார்க்கும் மனிதன் வாகனமுடையவன். அவன் தவறினால் வேகம் பற்றிய தவறு. நடந்து வருபவனுக்கோ உள்ளே நிற்பதே தவறு.

நடந்து வருபவர் யாவர்? லயத்தின் அடுப்புக்கு விறகு தேடிக் காட்டோரத்துக்குச் செல்லும் தோட்டப் பெண். அவளுடைய முன்னோரின் உழைப்பே இம்மலைகளிற் காட்டை வெட்டித் தோட்டமும் வீதியும் ஆக்கிற்று. யால ‘தேசிய’ பூங்காவாகிய பத்தாண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவள் இனத்தவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தேசத்தின் பொதுச்சொத்து எனப்பட்ட காடு, தேசத்துக்கு வெளியே தள்ளப்பட்டோருக்கு எவ்வகையிற் பொதுவாகும் என்று அன்று கேட்டவர் சிலரே. பெருந்தோட்ட மக்களுள் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

காலுக்கு இடங்கொடுக்கச் சட்டத்தால் இயலாது என்பதுமில்லை. கதிர்காம யாத்திரிகர் ஆண்டுதோறும் உகந்தையிலிருந்து குமண, யால வனங்களூடே நடந்தே செல்கின்றனர். குறித்த நாட்களிற் காட்டுப்பாதை திறக்கப்படுகின்றது. ஜீப்புக்கு முந்திய அவ்வழக்கத்தை, ஒன்றுதிரண்டு நடந்த பாமரர் கைவிடாமையால் நிருவாகமும் அங்கீகரிக்க நேர்ந்தது. மலையகத்திலிருந்து வெல்லவாய, புத்தல ஊடாகச் சென்ற வழியோ மோட்டார் வீதியாகிவிட்டது. கதிர்காமத்தை நோக்கிய அவ்வீதியில் இன்று யானைகள் குறுக்கே நின்று, வாகனச் சாளரங்களில் துதிக்கையை நீட்டிப் பழம் கேட்கின்றன.