அஞ்சினான் புகலிடமும் ஆரியசாலையின் கடனாளியும்

சோழர் காலத்தின் பிற்பகுதியிலும் அதை அடுத்த காலத்திலும் தமிழகத்தின் பல ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்னும் தொடர் வருகிறது. அச்சங்கொண்டு ஓடிவந்தவன் உள்ளே புகுந்துவிட்டால் அவனுக்குக் காப்பு உண்டு என அறிவிக்கப்பட்ட இடத்தை அது குறித்தது. மலையாளக் கரையில் கோயிலின் தனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த 'சங்கேதம்' என்னும் எல்லைக்கும் இத்தகைய அடைக்கல இயல்பு இருந்தது.

கடன் கொடுத்தவனின் உரிமையோ இதற்கு எதிர்ப்புறத்தில் வலுவாக நின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, தவணை சொல்லியே நாளைக் கடத்தும் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரையப்பட்டால், கடனைத் தீர்க்காமலோ ஈடு காட்டாமலோ அவன் அதைத் தாண்டக் கூடாது என்றும், அயல்நாட்டு வணிகர் ஒருவர் அரசனையே இவ்வாறு வளைத்தபோது பணம் கொடுத்துத் தீரும்வரை அவன் நகரவில்லை என்றும் எழுதியுள்ளார். கடுமையான வழக்கம்தான்; ஆயினும் ஊரறிய, பகலில், அரசனையும் கட்டுப்படுத்தும் முறையாக அது நடந்தது என்பதை மறக்கலாகாது.

இந்தக் கடன் உறவின் பிற்கால வடிவத்தைத் திருவனந்தபுரத்தில் காணலாம். அங்கே, ராஜா கேசவதாசன் திருவிதாங்கூரின் திவானாக இருந்தபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், உருவாக்கிய சாலைக் கம்போளத்தை ஒட்டிய ஆரியசாலையில் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன.  சோழர் கல்வெட்டுகள் 'பொலிசை', 'பலிசை' என்று குறித்த வட்டியை மலையாளம் இன்றும் ஏறத்தாழ அதே சொல்லால் வழங்குவதால், இக்கடைத்தெருவில் இரு மொழிகளின் கணக்குகளும் எளிதில் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன. வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, மீதியை மட்டும் கையில் கொடுத்து, முழுத்தொகையையும் அன்றாடம் வசூலிக்கும் கடனைத் தமிழகம் 'தண்டல்' என்கிறது. வரம்பற்ற வட்டி வாங்குவோரைக் கேரளம் 'பிளேடு' என்றது. அச்சொல்லின் கூர்மையில் மக்கள் பட்ட வலி தெரிகிறது. கேரளத்தின் 1958ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் கடன் கொடுப்போரிடம் உரிமம் கேட்டது. 2012ஆம் ஆண்டின் சட்டம் அதீத வட்டியைக் குற்றமாக்கியது. 2014 மே மாதத்தில் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் மாநிலமெங்கும் காவல்துறைச் சோதனைகள் தொடங்கின.

கடன் கொடுத்தவருக்கு அஞ்சி நாட்டின் எல்லை கடந்து ஓடியவர்களின் நிலை இதனினும் கடினமானது. மலேசியாவில் 'ஆலோங்' எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் மிரட்டலைக் காரணங்காட்டி ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கோரிய மலேசியர் பலர். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களால் வரும் துன்புறுத்தலையே ஏற்கிறது. கடனுக்காக வரும் கொலைமிரட்டல், எவ்வளவு உண்மையானதாயினும், இவற்றுள் எளிதில் அடங்குவதில்லை. கல்வெட்டின் தொடர் அச்சத்தை மட்டுமே பெயரில் சுமந்திருக்க, உடன்படிக்கையோ அச்சத்தின் காரணத்தைக் கேட்கிறது. ஆஸ்திரேலியா 2012 மார்ச்சில் சேர்த்த துணைப்பாதுகாப்பு விதி அந்த ஐந்து காரணங்களையும் கோரவில்லை. எனினும் சொந்த நாட்டுக் காவல்துறையை நாட முடியுமா, வேறு ஊருக்குப் பெயர்ந்து வாழ முடியுமா என்ற கேள்விகள் அங்கும் எழுகின்றன. ஊர் மாறுவது காகிதத்தில் எளிது. சரக்கைக் கடனாகத் தரும் மொத்த வணிகர், நாள்தோறும் வாங்க வருவோர், நடைபாதையில் பிடித்துவைத்த இடம் ஆகிய அனைத்தும் சாலைக் கம்போளத்திலேயே இருக்கும் ஒரு சிறு வியாபாரி, தன் பிழைப்பில் எதைச் சுமந்துகொண்டு வேறு ஊருக்குப் போக முடியும்?