மந்தகதிச் சில்லுகளில் கடிகாரத் துடிப்பின் ஒத்திசைவு

கோயம்புத்தூரிலிருந்து வாளையார்ச் சோதனைச்சாவடியைக் கடந்து பாலக்காட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எதிர்ப்படும் கஞ்சிக்கோட்டுப் பிரதேசம் மின்னணுவியலுக்குப் புதியதன்று. 1976-இல் அங்கே நிறுவப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்டிரீஸ் ஆலை தொலைபேசி இணைப்பகங்களை உற்பத்தி செய்துவந்தது. 2015-இல் தோன்றிய பாலக்காட்டு ஐ.ஐ.டி. அதே வட்டாரத்தில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டு, சில்லு வடிவமைப்பை முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கிறது. இத்தகைய கலாசாலைகளில் பயிலும் மாணவர் வரையும் சுற்றுக்கள் உள்நாட்டிலேயே உருப்பெற வேண்டுமாயின், மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் முறையையே பெரும்பாலும் நாடவேண்டியிருக்கிறது. அம்முறையில் பிறக்கும் சில்லுகள் மந்தகதி உடையவை. ஆதலால் அவற்றில் கிளாக் ஸ்க்யூவைப் பற்றி, அதாவது ஒரே கடிகாரத் துடிப்பு வெவ்வேறு ஃபிளிப்-ஃபிளாப்புகளை வெவ்வேறு க்ஷணத்தில் சென்றடையும் வேற்றுமையைப் பற்றி, அதிகமாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றதொரு அபிப்பிராயம் எளிதில் எழுகிறது. அந்த அபிப்பிராயம் பாதி உண்மை என்பதையும், எஞ்சிய பாதி பேரபாயம் என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் உத்தேசம்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி என்னும் செயலித் திட்டத்தில் 2018-இல் இரண்டு சில்லுகள் உருவாயின. இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது 350 மெகாஹெர்ட்ஸ் கதியிலும், மொகாலியில் 180 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது 70 மெகாஹெர்ட்ஸ் கதியிலும் இயங்கின. முன்னதற்குத் துடிப்பின் கால இடைவெளி ஏறக்குறைய 2.9 நானோ விநாடி, பின்னதற்கு 14.3. நூறு பிக்கோ விநாடி வேற்றுமை முன்னதில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கை விழுங்கிவிடும். பின்னதில் ஒரு பங்கைக்கூட விழுங்காது. தரவு அடுத்த துடிப்புக்குமுன் வந்து சேரவேண்டும் என்ற செட்டப் நிபந்தனையை மாத்திரம் நோக்கினால், மந்தகதி மெய்யாகவே ஒரு காப்புத்தான். அதில் பிழை நேர்ந்தாலும், கடிகாரத்தை இன்னும் சற்றுத் தாமதப்படுத்திச் சில்லைப் பிழைக்க வைத்துவிடலாம்.

துடிப்பு வந்தபின்னும் சற்று நேரம் தரவு மாறாதிருக்க வேண்டும் என்ற ஹோல்டு நிபந்தனையின் சுபாவமோ முற்றிலும் வேறு. அனுப்பும் ஃபிளிப்-ஃபிளாப்புக்குத் துடிப்பு முந்தியும், பெறும் ஃபிளிப்-ஃபிளாப்புக்கு அதே துடிப்பு பிந்தியும் வந்ததாகக் கொள்வோம். பெறுவது தனக்குரிய பழைய தரவைப் பற்றிக்கொள்வதற்குள், புதிய தரவு புறப்பட்டு வந்து அதை அழித்துவிடுகிறது. இரண்டு படிகளில் நடக்கவேண்டிய காரியம் ஒரே படியில் நடந்து, கணக்கு முழுவதும் தவறிப்போகிறது. இங்கே போட்டி ஒரே துடிப்பின் இரண்டு வருகைகளுக்கு இடையே நிகழ்வதால், இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் இந்தச் சமன்பாட்டில் இடம்பெறுவதே இல்லை. 350 மெகாஹெர்ட்ஸில் தோற்கும் சுற்று 70-லும் தோற்கும். ஒரு மெகாஹெர்ட்ஸிலும் தோற்கும். ஆலையிலிருந்து திரும்பி வந்த சில்லில் இத்தோஷம் இருப்பின், கடிகாரத்தை எவ்வளவு தாமதப்படுத்தினாலும் அதற்குப் பரிகாரமில்லை.

இவ்வபாயம் மிகுதியாக வெளிப்படும் இடம், பரிசோதனைக்காகக் கோக்கப்படும் ஸ்கேன் சங்கிலி. அங்கே ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் வெளியீடு இடையில் எந்தத் தர்க்கச் சுற்றுமின்றி அடுத்ததன் வாயிலுக்கு நேரே செல்வதால், தரவு வரத் தாமதம் ஏறக்குறைய இல்லை. துடிப்பைச் சில்லெங்கும் கிளைகளாகப் பிரித்துச் செலுத்தும் கடிகார விருட்சத்தின் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குச் சங்கிலி தாவும் இடங்களில், தரவை அரைத் துடிப்புக் காலம் தடுத்துவைக்கும் லாக்கப் லாட்ச் ஒன்றைச் செருகுவது அனுபவமுள்ளோர் வழக்கம்.

அப்படியாயின் வேற்றுமையை எங்கும் பூஜ்யமாக்கிவிடுவதே தீர்வன்றோ எனலாம். அந்த லட்சியத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. எல்லாக் கிளைகளையும் சமநீளமாக்கும் எச்-வடிவ விருட்சமும், கம்பியின் தடையையும் மின்தேக்கத்தையும் கணித்துக் கிளைகள் கூடும் புள்ளியை நிர்ணயிக்க 1991-இல் ரென்-சாங் த்சே வகுத்த முறையும் அதன் பேறுகள். 1992-இல் வெளியான டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா 21064 செயலி இன்னும் பலாத்காரமான வழியைக் கைக்கொண்டது: ஏறத்தாழ 3,250 பிக்கோஃபாரட் சுமையை ஒரே மகத்தான இயக்கிச் சுற்றைக் கொண்டு இயக்கியது, சில்லு செலவிட்ட மின்சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் கடிகாரத்துக்கே போயிற்று.

என் கருத்தில், சில்லின் இரு மூலைகளிலுள்ள, ஒன்றோடொன்று பேசவே பேசாத இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளின் வருகையைச் சமப்படுத்த மின்சக்தியை வாரி இறைப்பது வீண். வாளையார் அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் நீர், தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே வேளையில் சேரவேண்டிய அவசியம் எவ்வாறு இல்லையோ, அவ்வாறே இதுவும். வேற்றுமை என்பது தரவை அனுப்புவதற்கும் பெறுவதற்கும் இடையிலான ஒரு சம்பந்தமேயன்றி, சில்லு முழுமைக்கும் உரிய குணமன்று. ஜான் ஃபிஷ்பர்ன் 1990-லேயே இதைக் கணித ரூபமாகக் காட்டினார்: ஒவ்வொரு ஜோடிக்கும் செட்டப், ஹோல்டு எல்லைகளை எழுதி, துடிப்பின் வருகையை மாறியாகக் கொண்டு தீர்வு கண்டால், சில இடங்களில் வேண்டுமென்றே விடப்படும் வேற்றுமை சுற்றுக்கு அனுகூலமாகிறது.

மேலும், காகிதத்தில் கண்ட பூஜ்யம் சிலிக்கானில் நிலைப்பதில்லை. ஒரே சில்லினுள்ளும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. வெப்பமும் மின்னழுத்தமும் இடத்துக்கிடம் மாறுகின்றன. இரு கிளைகளும் பகிர்ந்துகொள்ளும் பாதையில் நேரும் மாறுபாடு இரண்டையும் ஒருசேரப் பாதிப்பதால் கேடில்லை. பிரிந்தபின் அவை தனித்தனியே கடக்கும் பஃபர்களில்தான் நிச்சயமின்மை சேர்கிறது. ஆகவே அதிகமாகப் பேசிக்கொள்ளும் ஃபிளிப்-ஃபிளாப்புகளை ஒரே கிளையின் கீழ், இயன்றவரை இலைக்கு அருகில் பிரியுமாறு அமைப்பது, ஆயிரம் பஃபர் செருகி நீளங்களைச் சமன்செய்வதைவிட மேலான யுக்தி.

இவற்றையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பார்க்கு ஒரு சொல். மென்பொருள் தனக்கு இடப்பட்ட நிபந்தனையை நிறைவேற்றும். நிபந்தனையின் தகுதியை அது ஆராயாது. ஹோல்டு பிழை கண்ட இடமெல்லாம் அது தாமதப் பஃபர்களைச் செருகும். அவை பரப்பையும் மின்சக்தியையும் தின்பதோடு, டிரான்சிஸ்டர்கள் மந்தமாக அமைந்த சில்லில் செட்டப் அவகாசத்தையும் குறைக்கும். நம் மாணவர் ஆலைக்கு அனுப்புமுன் சமர்ப்பிக்கும் அறிக்கையில், சில்லு முழுவதற்குமான உச்ச வேற்றுமையை ஒற்றை எண்ணாகத் தருவதோடு நிறுத்தாமல், ஹோல்டு அவகாசம் மிகக் குறைந்த ஜோடிகளையும், அந்த ஜோடிகளின் பாதைகள் கடிகார விருட்சத்தில் எந்த நிலையில் பிரிகின்றன என்பதையும் எழுதும்படி கேட்பது அவசியம்.