ஷல், வில் (ஆங்கிலத் துணைவினைகள்)

ஷல், வில் என்பன ஆங்கில மொழியில் எதிர்காலத்தையும், கடமை, விருப்பம், உறுதி போன்ற கருத்துகளையும் உணர்த்தும் இரு துணைவினைகள் ஆகும். இவற்றின் இறந்தகால வடிவங்கள் முறையே ஷுட், வுட் என்பனவாகும். பள்ளிகளில் இவ்விரண்டும் எதிர்காலத் துணைவினைகள் என்றே அறிமுகப்படுத்தப்படுவதால், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் கற்போரிடையே காணப்படுகின்றது. பேச்சு வழக்கில் இதனால் பெரிய இடர் ஏதும் இல்லை. ஆனால் சட்டங்கள், ஒப்பந்தங்கள், தொழில்நுட்பச் சீர்தரங்கள் ஆகியவற்றில் ஒரு செயல் கட்டாயமானதா அல்லவா என்பது இச்சொற்களைப் பொறுத்தே அமைகின்றது.

சொற்பிறப்பு

ஷல் என்பது, கடன்பட்டிருத்தல், கடமைப்பட்டிருத்தல் என்னும் பொருள் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து தோன்றியது. இடாய்ச்சு மொழியில் இதற்கு இனமான சொல் ஸொல்லென் ஆகும். கடன், குற்றம் ஆகிய இரு பொருள்களையும் தரும் ஷுல்ட் என்னும் இடாய்ச்சுச் சொல்லும் இவ்வேரைச் சார்ந்ததே.

வில் என்பது விரும்புதல் என்னும் பொருள் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஒருவர் தம் இறப்புக்குப் பின் சொத்துகள் யாரைச் சேரவேண்டும் என்ற விருப்பத்தை எழுதிவைக்கும் ஆவணத்திற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். தமிழில் வழங்கும் உயில் என்ற சொல் அதிலிருந்து வந்ததாகும்.

பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்திற்கெனத் தனி வினைவடிவம் இருக்கவில்லை. நிகழ்கால வடிவமே எதிர்காலத்தையும் குறித்தது. செய்யக் கடமைப்பட்டதும், செய்ய விரும்புவதும் இனிமேல் நிகழவிருப்பவை என்பதால், இவ்விரு வினைகளும் காலப்போக்கில் எதிர்காலக் குறிகளாக மாறின. எனினும் பழைய பொருள்கள் முற்றாக மறையவில்லை. குழப்பத்திற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

மரபு இலக்கண விதி

முடிவிலிக் குறியை அறிமுகப்படுத்திய கணிதவியலாளர் ஜான் வாலிஸ், 1653 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் பின்வரும் விதியை வகுத்தார்.

* தன்மையில் ஷல் வெறும் எதிர்காலத்தைக் குறிக்கும். வில் உறுதிமொழியையோ அச்சுறுத்தலையோ குறிக்கும்.
* முன்னிலை, படர்க்கையில் வில் வெறும் எதிர்காலத்தைக் குறிக்கும். ஷல் உறுதிமொழியையோ அச்சுறுத்தலையோ குறிக்கும்.

இவ்விதியின்படி "ஐ ஷல் கோ" என்றால் "நான் போவேன்" என்னும் இயல்பான செய்தி. "ஐ வில் கோ" என்றால் "போயே தீருவேன்" என்னும் உறுதி. "ஹீ ஷல் கோ" என்றால் "அவன் போயாக வேண்டும்" என்னும் ஆணை.

விதியை விளக்க ஆசிரியர்கள் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. நீரில் விழுந்த வெளிநாட்டவர் ஒருவர் இரு சொற்களையும் இடம் மாற்றிக் கூவினார். "மூழ்கிவிடுவேன், யாரும் காப்பாற்றமாட்டார்கள்" என்று அவர் சொல்ல நினைத்தது, "மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது" என்று பொருள்பட்டது. கரையில் இருந்தவர்களும் அவர் விருப்பத்தை மதித்து நின்றுவிட்டனராம்.

18 ஆம் நூற்றாண்டின் இலக்கண நூல்கள் வழியாக இவ்விதி பள்ளிகளில் பரவியது. ஆனால் மக்கள் வழக்கு எப்போதும் இதற்கு உட்பட்டதாக இருக்கவில்லை. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரீஸ், ஆங்கில நாடகங்களை ஆராய்ந்து 1925 இல் வெளியிட்ட கட்டுரையில், தன்மையிலும் வில் பரவலாக வழங்கியதைக் காட்டினார்.

இன்றைய பொது வழக்கு

இன்று எதிர்காலத்தைக் குறிக்க மூவிடங்களிலும் வில் என்பதே பெரிதும் பயன்படுகின்றது. பேச்சில் இரு சொற்களுமே "ஐல்", "வீல்" எனக் குறுகி ஒலிப்பதால் வேறுபாடு புலப்படுவதும் இல்லை. ஆயினும் தன்மை வினாக்களில் ஷல் நிலைத்துள்ளது. எடுத்துக்காட்டாக:

* "ஷல் ஐ ஓப்பன் த டோர்?" - நான் கதவைத் திறக்கட்டுமா? (கேட்பவரின் விருப்பத்தை அறிதல்)
* "வில் யூ ஓப்பன் த டோர்?" - நீங்கள் கதவைத் திறக்கிறீர்களா? (வேண்டுகோள்)

முதல் வாக்கியத்தில் ஷல் இருக்கும் இடத்தில் வில் என்று வைத்தால், தான் செய்யப்போவதைத் தானே பிறரிடம் கேட்பது போலாகிவிடும்.

சட்டத்தில்

சட்ட ஆங்கிலத்தில் ஷல் பொதுவாகக் கட்டாயத்தையும், மே என்னும் துணைவினை அனுமதியையும் குறிக்கும். இந்திய அரசியலமைப்பின் 74(1) ஆம் பிரிவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கவேண்டும் என்பதை 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தம் ஷல் என்ற சொல்லால் வெளிப்படையாக்கியது. அறிவுரையை மறு ஆய்வு செய்யுமாறு அவர் கேட்கலாம் என்பதை 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தம் மே என்ற சொல்லால் சேர்த்தது. மறு ஆய்வுக்குப் பின் தரப்படும் அறிவுரைக்கு மீண்டும் ஷல் வருகின்றது. ஒரு முறை திருப்பி அனுப்பலாம், அதன்பின் ஏற்றேயாக வேண்டும் என்னும் அதிகார வரம்பு இவ்விரு சொற்களால் வரையப்பட்டுள்ளது.

எனினும் ஷல் வரும் இடமெல்லாம் கட்டாயம் ஆகிவிடாது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றிய 320(3) ஆம் பிரிவில் ஷல் இருந்தும், அது நெறிகாட்டும் விதியே என்றும், கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1957 இல் தீர்ப்பளித்தது.

இத்தகைய ஐயங்களைத் தவிர்க்க, கட்டாயத்திற்கு மஸ்ட் என்ற சொல்லைப் பயன்படுத்தவேண்டும் என்று எளிய மொழி ஆர்வலர்கள் வலியுறுத்துகின்றனர். அமெரிக்க நடுவண் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007 இல் திருத்தி எழுதப்பட்டபோது ஷல் பெரும்பாலும் நீக்கப்பட்டது. விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது பற்றிய 56 ஆவது விதியில் ஷல் என்பது ஷுட் ஆனது. பொருள் மாறிவிடும் என்ற கவலையால் 2010 இல் அங்கு ஷல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

தொழில்நுட்பச் சீர்தரங்களில்

இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்காக 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2119 ஆவணம், துணைவினைகளின் பொருளை வரையறுக்கின்றது.

* மஸ்ட், ஷல் - முழுக் கட்டாயம். இரண்டும் ஒரே பொருளன.
* ஷுட் - பரிந்துரை. தக்க காரணம் இருந்து, விளைவுகளை உணர்ந்திருந்தால் மீறலாம்.
* மே - விருப்பத்திற்கு உரியது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதப்படும்போது மட்டுமே இச்சிறப்புப் பொருள் உண்டு என 2017 இல் வெளியான ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. அனைத்துலகச் சீர்தர நிறுவனத்தின் விதிகளிலோ ஷல் மட்டுமே சீர்தரத்தின் கட்டாயத்தைக் குறிக்கும். அவ்விடத்தில் மஸ்ட் பயன்படுத்தக் கூடாது. எனவே ஓர் ஆவணத்தைப் படிக்குமுன் அது எந்த மரபைப் பின்பற்றுகின்றது என அறிதல் தேவையாகும். ஷுட் என்பதைக் கட்டாயமாகக் கருதி எழுதப்படும் மென்பொருள், அதைப் பின்பற்றாத மற்றொரு மென்பொருளுடன் இணைந்து இயங்காமல் போகலாம்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் "செய்வேன்" என்னும் ஒரே வடிவம் இயல்பான எதிர்காலத்தையும் உறுதிமொழியையும் உணர்த்துவதால், ஷல், வில் வேறுபாடு தமிழருக்கு எளிதில் புலப்படுவதில்லை. சட்டத் தமிழில் ஷல் என்பதற்கு "செய்தல் வேண்டும்" என்றும், மே என்பதற்கு "செய்யலாம்" என்றும் எழுதுவது வழக்கம். சட்ட வாசகத்தில் உள்ள ஷல் என்பதை "செய்வார்" என்று பெயர்த்தால், கடமை வெறும் முன்னறிவிப்பாகச் சுருங்கிவிடும்.

விரும்புதலைக் குறிக்கும் வேண்டு என்னும் வினை தமிழில் கடமையைக் குறிக்கும் துணைவினையாகவும் வளர்ந்துள்ளது. "எனக்கு நீர் வேண்டும்" என்பது விருப்பம். "நான் போக வேண்டும்" என்பது கடமை. ஆங்கிலத்தில் விருப்ப வினை எதிர்காலத்தை நோக்கிச் சென்றது. தமிழில் அது கடமையை நோக்கிச் சென்றது எனலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* துணைவினை
* ஆங்கில இலக்கணம்
* ஜான் வாலிஸ்