உணவும் உழைப்பும் மரபும்

நான் புலால் உண்ணாதவன். நாள்தோறும் விடியலில் நடப்பவன். அப்படியிருந்தும், சென்ற ஆண்டு என் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், கொலஸ்டிரால் மிகுந்திருக்கிறது என்றார். வியப்போடு சிறிது நாணமும் உண்டாயிற்று. நான் செய்த பிழை யாது? விடை தேடியபோது கிடைத்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

கொலஸ்டிரால் கொழுப்பைச் சார்ந்த ஒரு பொருள். உயிரணுக்களுக்கு அது இன்றியமையாதது. ஆகவே கல்லீரலே அதனை ஆக்கித் தருகிறது. அளவு மிஞ்சினால் இரத்தக் குழாய்களில் படிந்து, இதயத்துக்குச் செல்லும் வழியை அடைக்கிறது.

1913ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் அனிச்கோவ், தூய கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்தது. உணவே குற்றவாளி எனத் தோன்றிற்று. ஆனால் எலியும் நாயும் அவ்வுணவால் அவ்வாறு எளிதில் கெடவில்லை. ஓர் உடல் தாங்குவதை மற்றோர் உடல் தாங்குவதில்லை என்பது அன்றே புலனாயிற்று.

அடுத்தது உழைப்பு. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் அக்காலத்தில் ஓட்டுநர் அமர்ந்தே இருப்பார். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953இல் ஜெரமி மோரிஸ் குழுவினர் காட்டினர். எனினும் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தனர். இளைஞரிடையே கூட ஓட்டுநரின் இடுப்பளவே பெரிதாக இருந்தது! வேறுபாடு முழுவதும் உழைப்பால் வந்ததன்று என்பதை 1956இல் தாமே வெளியிட்டனர். ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய நேர்மை இதுவன்றோ?

மூன்றாவது, மரபு. 1938இல் நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர், மிகுந்த கொலஸ்டிராலும் இதய நோயும் சில குடும்பங்களில் வழிவழியாக வருவதை விளக்கினார். இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் அத்தகையோரின் உயிரணுக்களில் குறைவு என்பதை, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் 1973 முதல் ஆராய்ந்து கண்டனர். 1985இல் நோபல் பரிசு பெற்றனர். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி.

இதைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்தேன். அவர் நாற்பத்தாறாம் வயதில் மார்வலியால் மறைந்தார். ஊரார் விதி என்றனர். என் மகனையும் சோதிக்கச் செய்தேன். அவனுக்கும் அளவு மிகுதியே. இருவரும் இப்போது மருந்து உண்கிறோம்.

அப்படியாயின் உணவும் உழைப்பும் வீணா? அல்ல. காய்கறியும் பருப்பும் கொலஸ்டிராலைக் குறைக்க உதவும். ஆனால் சைவமென்று நெய்யையும் வெண்ணெயையும் அளவின்றி உண்டால் அது கூடும். நடை இதயத்தை வலுப்படுத்தும். மரபின் பங்கை மட்டும் இவற்றால் முற்றும் மாற்ற இயலாது. ஆகவே, நோயுற்றவரைப் பார்த்து “நீ என்ன தின்றாய்?” என்று பழிக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் இளவயதில் இதய நோயால் இறந்தவர் உண்டா என்று இன்றே பெரியோரைக் கேளுங்கள். உண்டெனில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.