பிறப்பால் வராத பற்று: ஓசூர் எல்லைப் பகுதியும் கால்பந்து ரசிகரின் நினைவும்

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம் நடந்தது. 9-ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனபோது கோப்பை பெங்களூரு எஃப்சிக்கே என்று மைதானம் நம்பியது. பிறகு சென்னையின் எஃப்சிக்காக மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கோல்களும் ரஃபேல் அகஸ்டோ ஒன்றும் அடித்தார்கள். கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பியும் பெங்களூரு 3-2 எனத் தோற்றது. கர்நாடகத் தலைநகரில், எதிரணியின் சொந்த மைதானத்தில், தமிழ்நாட்டுத் தலைநகரின் பெயர் தாங்கிய அணி கோப்பை வாங்கிச் சென்றது. அந்த மைதானத்துக்கும் ஓசூருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். சென்னையோ 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எல்லையோர ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வாழும் ரசிகர் அன்று எந்த அணிக்காகக் கலங்கியிருக்க வேண்டும்? மாநில வரைபடம் ஒரு விடை சொல்லும், பேருந்துத் தடம் இன்னொரு விடை சொல்லும். வாழ்நாள் ரசிகரின் விசுவாசம் மொழியோடும் மண்ணோடும் கூடப் பிறக்கிறது என்ற பொதுவான எண்ணத்தை இந்தக் கட்டுரை மறுக்கிறது. அது போய்ப் பார்த்து, தோற்று, பேசிப் பேசிச் சேர்த்த கூட்டு நினைவு என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்: அணியை வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில் பிறருடைய பொருள் ஒன்று அடைக்கலமாக இருக்கிறது.

இந்த வாதத்தைச் சோதிக்க ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் அரிது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கிய பழைய ஊர் ஓசூர். சேலம் மாவட்டத்தில் இருந்தது, 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்குப் போனது, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தது, 2019-இல் மாநகராட்சியானது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகளும் முதலில் சுற்று மாவட்டங்களிலிருந்தும் பிறகு பிற மாநிலங்களிலிருந்தும் ஆட்களை ஈர்த்தன. இத்தனை ஆலைகள் வந்தும் தேசிய லீக்கில் ஆடும் கால்பந்து அணி ஒன்று இங்கே உருவாகவில்லை. காரணம் காலம். பெங்களூரில் எச்ஏஎல், ஐடிஐ போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வீரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. ஆலைக்கு ஓர் அணி என்ற அந்த மரபு, ஓசூர் முழுத் தொழில் நகரமாக வளர்ந்த ஆண்டுகளில் நாடு முழுக்கத் தேய்ந்துகொண்டிருந்தது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைந்தது. 1996-97-இல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜேசிடி 2011-இல் கலைந்தது. ஆகவே ஓசூர்த் தொழிலாளிக்கு அப்பாவிடமிருந்து வந்த அணியும் இல்லை, ஆலை தந்த அணியும் இல்லை. பரம்பரை என்ற காரணம் இங்கே தானாகவே விலகி நிற்பதால், பற்று வேறு எதிலிருந்து முளைக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-இல் வெளியிட்ட நூலில், தனிமனிதர் தம் நினைவுகளைத் தாமாகச் சுமப்பதில்லை, குடும்பமும் சமயமும் வர்க்கமும் தரும் சட்டகங்களில் மாட்டித்தான் வைத்திருக்கிறார் என்று வாதிட்டார். கால்பந்து ரசிகருக்கு அந்தச் சட்டகம் பெரும்பாலும் ஒரு பாதை. ஓசூர் பேருந்து நிலையம், அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல் எனப் போகிற பாதை அது. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறவும் வழி வந்திருக்கிறது. இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை நெருங்கிவிடும். வீடு திரும்ப நள்ளிரவாகும், மறுநாள் விடியலில் முதல் ஷிப்ட். பற்றை அளக்க ஆய்வாளர்கள் பலவிதக் கேள்வித்தாள்கள் தயாரித்திருக்கிறார்கள். ஷிப்ட் தொழிலாளியைப் பொறுத்தவரை இழந்த தூக்கத்தைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது என்றே கருதுகிறேன். இப்படிக் கொடுத்த விலைதான் நினைவை உறையவைக்கிறது. பாதையைப் போலவே தேதியும் ஒரு சட்டகம். சொந்த மைதானத்தில் தோற்று மிகச் சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று மும்பையில் கோவாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில், 117-ஆவது நிமிடத்தில் ராகுல் பேகே தலையால் அடித்த ஒற்றைக் கோலில் பெங்களூரு கோப்பையை வென்றது. முந்தைய மார்ச் 17-ஐச் சுமந்தவருக்கு மட்டுமே பிந்தைய மார்ச் 17 முழுப் பொருளோடு கிடைக்கும். வெற்றியை மட்டும் பார்த்தவரிடம் இருப்பது செய்தி. தோல்வியையும் சேர்த்து வைத்திருப்பவரிடம்தான் வரலாறு இருக்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். 2013-இல் ஒரு தொழில் குழுமம் தொடங்கிய பெங்களூரு எஃப்சிக்கு வாழ்நாள் விசுவாசம் என்ற பெரிய சொல் தகுமா? கொல்கத்தாவின் நூறாண்டு அணிகளோடு இதை ஒப்பிடலாமா? கொல்கத்தாவையே பார்ப்போம். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தொடங்கக் காரணம், ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் சேர்க்கப்படாததால் எழுந்த மனத்தாங்கல். இன்று அந்த அணியின் உயிராகக் கருதப்படும் அகதிகளின் வலி 1947 பிரிவினைக்குப் பிறகு வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்து வந்தவர்கள், பெயரில் தம் நிலத்தைத் தாங்கிய அணியில் தம் நினைவை இறக்கிவைத்தார்கள். அணிக்குப் பொருள் கிடைத்தது பிறந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான், அதையும் கொடுத்தவர்கள் ரசிகர்கள். தொடங்கியவரின் நோக்கம் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். பற்றின் ஆழம் அதைப் பொறுத்ததல்ல. 2013-இல் பத்து வயதில், பெங்களூரு எஃப்சி முதல் பருவத்தில் ஆடிய பெங்களூரு கால்பந்து மைதானத்தைப் பார்த்த சிறுவர் இன்று ஆலையில் சம்பளம் வாங்கும் ஆள். முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம், 2016-இல் மீண்டும் ஒரு பட்டம் என அவருடைய வளர்பருவம் முழுவதும் அணியோடு கலந்துதான் கிடக்கிறது. அவருக்கு அதுவே வாழ்நாள்.

இரண்டாவது மறுப்பு கனமானது: மொழியும் மாநிலமும். காவிரிக் கலவரம் எல்லையை மூடும்போது எல்லை தாண்டிய ரசிகத்தன்மைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவருக்கு 2016 செப்டம்பர் நல்ல சான்று. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. பேருந்துகள் நின்றுபோய், பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தார்கள். அந்த அச்சத்தைக் குறைத்து மதிப்பிடுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் அடுத்த மாதமே, அக்டோபர் 19 அன்று, அதே நகரத்தின் கண்டீரவாவில் பெங்களூரு எஃப்சி மலேசியாவின் ஜொகூர் அணியை 3-1 என வென்று ஏஎஃப்சி கோப்பை இறுதியாட்டத்துக்குப் போன முதல் இந்திய அணியானது. நவம்பர் 5 அன்று தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 எனத் தோற்றபோது வருந்தியவர்களின் மொழியை யாரும் கேட்கவில்லை. அதைவிட முக்கியமானது, பெங்களூருக் கால்பந்து என்பது கன்னடருக்கு மட்டுமே உரிய மரபாக ஒருபோதும் இருந்ததில்லை. தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் பகுதியின் ராணுவ மைதானங்களைச் சுற்றி வளர்ந்த ஆட்டம் அது. 1937-இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் அருமைநாயகமும் அந்நகரத்தவர்தான். அங்குள்ள கௌதமபுரம் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளில் பேச்சுமொழி பெரும்பாலும் தமிழ். எனவே ஓசூர் ரசிகர் கண்டீரவாவுக்குள் நுழையும்போது அந்நியர் வீட்டுக்குப் போகவில்லை. தம் மொழிக்காரர்களும் சேர்ந்து கட்டிய வீட்டுக்குப் போகிறார்.

சென்னையின் எஃப்சியை நேசிக்கும் ஓசூர்க்காரரை இது குறை சொல்வதாகாது. அவருடைய பற்றும் நினைவின் விளைவே. 2015-இல் கோவாவில் 3-2 எனத் திரும்பி வென்ற இறுதியாட்டத்திலிருந்து அது தொடங்கியிருக்கலாம். சொல்ல வருவது, பிறந்த மாநிலம் ஒருவரை எந்த அணியிலும் தானாகச் சேர்த்துவிடுவதில்லை என்பதே. இதற்கு மேலும் வலுவான சான்றை ஆலைக் கேன்டீன்களில் தேடலாம். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய நாக்-அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணி தடுப்புச்சுவர் அமைப்பதற்குள் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். பின்னர் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. கேரளத்திலிருந்து வந்து சிப்காட்டில் வேலை பார்க்கும் மஞ்சள் சட்டை ரசிகருக்கு அது ஏமாற்று, நீலச் சட்டைக்காரருக்குச் சமயோசிதம். ஒரே நொடி இரண்டு நினைவுகளாகப் பிரிந்து, ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கும் தன்மை உடையது. இந்த வாதாட்டமே பற்றை உயிரோடு வைக்கிறது. தை மாதத்து எருதுவிடும் விழாவை அறிந்த கிருஷ்ணகிரி மக்களுக்கு இது புதிதல்ல. எந்த ஆண்டு எந்த ஊர் மாடு எந்தத் தடத்தில் எத்தனை நொடியில் ஓடியது என்ற பேச்சு அடுத்த விழா வரை ஓய்வதில்லை. மாடு வைத்திருப்பவர் ஒருவர், அதன் ஓட்டத்தை நினைவில் வைத்திருப்பது ஊர்.

மூன்றாவது மறுப்பு தொலைக்காட்சி. ஓசூரில் இருந்தபடியே இருபது ஆண்டுகளாக மான்செஸ்டர் யுனைடெட்டையோ பார்சலோனாவையோ விடாமல் பின்பற்றுவோர் உண்டே, பாதையும் மைதானமும் இல்லாத பற்று பற்றில்லையா? பற்றுதான். சமூகவியலாளர் ரிச்சர்ட் ஜூலியானொட்டி 2002-இல் ரசிகர்களை வகைப்படுத்தியபோது, இடத்தோடு பிணைந்த ஆதரவாளர் ஒரு முனையிலும் அணிகளை வேடிக்கை பார்த்து நகரும் நுகர்வோர் மறு முனையிலும் நின்றார்கள். இந்த வகைப்பாடு நம் ஊருக்கு முழுதும் பொருந்தாது. அறை நண்பர்களோடு நள்ளிரவில் விழித்துப் பார்த்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களும் ஒரு சட்டகமே. மேன்ஷன் அறையும் டீக்கடையும் மைதானத்தின் இடத்தை நிரப்புகின்றன. வேறுபாடு ஒன்று மட்டும் உண்டு. ஓசூரின் மௌனத்தால் மான்செஸ்டருக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து ஊர் அணிக்கு ரசிகர் வராவிட்டால் அது இல்லாமலே போகலாம். அணி போய்விட்டால் நினைவை மாட்டிவைக்க ஆணி இருக்காது.

இந்த அபாயம் கற்பனை அல்ல. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்த லீக்கை வென்றது அதுவே முதல்முறை. மூன்று ஆண்டுகளுக்குள் அந்த அணி லீக்கில் இல்லை. மேலே உள்ள லீக்கும் உறுதியானதல்ல: உரிம ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணியினரின் சம்பளத்தையே நிறுத்தியது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதியது இங்கே பொருந்துகிறது: தரம் குறையும்போது சாதாரண வாடிக்கையாளர் வெளியேறுவார், விசுவாசி வெளியேறாமல் குரல் எழுப்புவார். குரலுக்கு வழியே இல்லாத அமைப்பில் விசுவாசிக்கு நேர்வது என்ன? கொல்கத்தா ஒரு விடை தந்தது. 2020-இல் மோகன் பகான் ஏடிகே அணியுடன் இணைந்தபோது பெயரின் முன்னொட்டாக வந்த 'ஏடிகே'-யை நீக்கக் கோரி ரசிகர்கள் போராடினார்கள்; 2023 மார்ச் 18 அன்று, பெங்களூருவைப் பெனால்டியில் வென்று கோப்பை வாங்கிய அதே இரவில், அந்த முன்னொட்டு போகும் என்று உரிமையாளர் அறிவித்தார். லண்டனின் விம்பிள்டன் அணியை வேறு நகரத்துக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் தாங்களே புது அணி தொடங்கி, 2020-இல் பழைய பேட்டைக்குத் திரும்பினார்கள். இரண்டிலும் நினைவின் உடைமையாளர் யார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நூறாண்டு எடை இருந்தது. கோயம்புத்தூர் ரசிகருக்கு அது இல்லை.

முதலீடு செய்பவருக்கு நட்டம் வரும்போது நினைவு என்ற பெயரில் கைகளைக் கட்டிப்போடுவது நியாயமா என்று கேட்கலாம். நட்டத்தைச் சுமக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, உண்மை. விலகும் உரிமை வேறு, அழிக்கும் உரிமை வேறு. ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை அணியின் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் உள்ளது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், சின்னத்தையும் உடையின் நிறத்தையும் மாற்ற ரசிகரின் ஆதரவைக் கேட்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் உரிம விதிகளில் சிறிய அளவில் தொடங்கினாலே போதும். பெயர், நிறம், சின்னம், ஊர் ஆகிய நான்கையும் பருவச் சீட்டு வைத்திருப்போரின் வாக்கு இல்லாமல் மாற்றக் கூடாது. அணி கலைந்தால் அதன் கோப்பைகளும் ஆட்டப் பதிவுகளும் பொது ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அந்த வாக்காளர் பட்டியலில் மாநில எல்லை பார்க்கக் கூடாது; கடைசிப் பேருந்தைப் பிடித்து ஓசூருக்குத் திரும்பி முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.