இனாமாகத் தந்தவன் தொடுத்த வழக்கு

இனாமாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கு வழக்கு ஏது என்று கேட்பார் உளர். இக்கேள்விக்கு ஜெர்மனியின் மூனிக் நகர நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டில் அளித்த விடையை நம் வாசகர்கள் அறிதல் வேண்டும்.

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அதனை மனிதர் படித்துத் திருத்துதற்குரிய வடிவம் மூலநிரல் எனப்படும். கம்பெனிகள் பல இம்மூலத்தைப் பூட்டி வைத்துப் பொருளீட்டிய காலத்தில், அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் ஜி.பி.எல். என்னும் உரிமப் பத்திரத்தை வெளியிட்டார். எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விலைக்கும் விற்கலாம். ஆனால் வாங்குவோர்க்கு மூலநிரலையும் அதே உரிமையையும் கொடுத்தே தீரவேண்டும். விற்பதை அவர் தடுத்தாரில்லை, மறைப்பதையே தடுத்தார். இவ்வேறுபாட்டை உணராதோரே இதனைத் தானமென்று எண்ணி மயங்குகின்றனர்.

இப்பத்திரத்தின்கீழ் வெளிவந்ததே லினக்ஸ். அதில் இணையப் போக்குவரத்தைச் சோதித்து விடுக்கும் பகுதியாகிய நெட்ஃபில்டரை ஆக்கியோருள் ஒருவர் ஹரால்டு வெல்டே என்னும் ஜெர்மானியர். சைட்காம் கம்பெனியின் ஜெர்மன் கிளை இதனைத் தன் கம்பியில்லா ரௌட்டரில் வைத்து விற்றது. உரிமப் பத்திரமும் கொடுக்கவில்லை, மூலநிரலும் கொடுக்கவில்லை. எச்சரித்தும் பயனில்லாமையால் வெல்டே நீதிமன்றம் ஏறினார். ஏப்ரலில் இடைக்காலத் தடை பிறந்தது. மே 19-இல் அது உறுதியாயிற்று.

தீர்ப்பின் நுட்பம் நோக்கத்தக்கது. நிபந்தனையை மீறிய கணமே அனுமதி தானே அற்றுப்போகும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. பத்திரமே செல்லாது என்று வாதிப்பினும் தப்பவியலாது. அப்போது பிரதி செய்ய எவ்வனுமதியுமே இராது. குடியிருப்புச் சீட்டு செல்லாதென்று கிழித்தெறிந்தவன், பின்னர் எச்சீட்டைக் காட்டி வீட்டிற்குள் இருப்பான்?

2006-இல் பிராங்க்பர்ட் நீதிமன்றமும் டி-லிங்க் வழக்கில் ஜி.பி.எல். செல்லும் என்றது. 2010-இல் நியூயார்க் நீதிமன்றமோ, பிஸிபாக்ஸ் என்னும் மென்பொருளை உரிமம் மீறித் தொலைக்காட்சிப் பெட்டிகளில் வைத்த வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் கம்பெனிக்கு 90,000 டாலர் நஷ்டஈடு விதித்து, அப்பெட்டிகளையும் வழக்காடியோரிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்டது.

இவ்வழக்குகளிலெல்லாம் முறையிட்டோர் மென்பொருளை எழுதியோரும் அவர் சார்பினருமே. பெட்டியை விலை கொடுத்து வாங்கியோன் வாய் திறக்க வழியில்லை. பத்திரமோ அவன் பொருட்டன்றோ எழுதப்பட்டது! 2021-இல்தான், விசியோ தொலைக்காட்சிகளை வாங்கிய ஒரு பொதுநலச் சங்கம், வாங்குவோர் என்ற உரிமையிலேயே மூலநிரல் கேட்டுக் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது.