1967ஆம் ஆண்டின் இரு கட்டுரைகளும் தென்னிந்தியரின் சோறும்

இதய நோய்க்கும் உணவுக்கும் உள்ள உறவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே தொடங்குவர். பம்பாயிலிருந்தும் தொடங்கலாம். மேற்கு ரயில்வேயின் மருத்துவத் துறையைச் சேர்ந்த எஸ். எல். மல்ஹோத்ரா, 1967இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1958 முதல் 1962 வரை சுமார் 11.5 லட்சம் ரயில்வே ஊழியரிடையே நேர்ந்த இதய நோய் இறப்புகளை அவர் வட்டாரவாரியாகப் பிரித்து ஆராய்ந்திருந்தார். வடக்கைவிடத் தெற்கில் அந்நோய் ஏழு மடங்கு மிகுதி. பாலும் நெய்யும் தாராளமாக உண்ட வடவரைவிடப் பல மடங்கு குறைவாகக் கொழுப்பு உண்ட தென்னிந்தியர், அவர்களைவிட இளம் வயதில் இறந்திருந்தனர்.

கொழுப்பே இதயத்தின் பகை என்று உலகம் நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. மல்ஹோத்ரா தம் விடையைப் பால் கொழுப்புக்கும் தாவர எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டிலும், உண்ணும் முறையிலும் தேடினார். தட்டில் மிகுதியாக இருந்த சோறு அவருடைய விளக்கத்தின் மையத்துக்கு வரவில்லை.

அதே 1967இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதிய மீளாய்வு ஒன்று, சர்க்கரையின் மீதான ஐயத்தைத் தணித்துக் கொழுப்பையே முன்னிறுத்தியது. அதற்காக அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு 6,500 டாலர் அளித்திருந்தது கட்டுரையில் குறிப்பிடப்படவில்லை. ஆவணங்களின் துணையுடன் 2016இல்தான் அது வெளிப்பட்டது. மல்ஹோத்ராவுக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. எனினும் எந்தக் கேள்வி கேட்கத் தக்கது என்பதை இத்தகைய மீளாய்வுகளே வரையறுத்தன.

அரிசியின் மீதான ஐயம் புதிதன்று. 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இந்திய வட்டார உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டபோது, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைநிலையில் நின்றது. ஆனால் அன்றைய கேள்வி ஊட்டக் குறைபாடு பற்றியது, நீரிழிவு பற்றியதன்று.

இன்று உடலியங்கியல் தரும் விளக்கம் தெளிவானது. தவிடும் முளையும் நீங்கிய அரிசி விரைவில் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் தேவை உயர்கிறது. மிஞ்சியதைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. நன்மை தரும் எச்.டி.எல். குறைகிறது. 21 நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ‘ப்யூர்’ ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்போருக்கு நீரிழிவு அபாயம் மிகுந்திருந்தது. அத்தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாகத் தென்பட்டது. இதைக் கொண்டு மல்ஹோத்ராவின் புதிர் விடுபட்டது என்று சொல்லிவிட முடியாது. வட்டாரங்களுக்கிடையே உணவைத் தவிர வேறு பல வேறுபாடுகளும் உண்டு. அவருடைய தரவுகளிடம் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தது என்றே சொல்லலாம்.

அக்கேள்வியை மும்பைத் தமிழரிடம் கொண்டு செல்லும்போது வரலாறு இன்னும் சிக்கலாகிறது. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரும், மாட்டுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் குடியேறிய அலுவலகப் பணியாளரும் உண்டது சோறுதான்; உழைப்பும் கூலியும்தான் வேறு. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் முறை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஏழையின் தட்டில் எந்தத் தானியம் விழும் என்பதை அரசின் கிடங்கும் சேர்ந்தே தீர்மானித்தது. விடுதலைக்குப் பின் வளர்ந்த பொது விநியோகம் அரிசி, கோதுமை, சர்க்கரை ஆகியவற்றையே பெரிதும் நம்பியது. சிறுதானியத்துக்குச் சட்ட உரிமை 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் ஏட்டளவில்.

‘சோற்றைக் குறையுங்கள்’ என்பது சரியான மருத்துவ அறிவுரை. பருப்பும் காய்கறியும் முட்டையும் வாங்க இயலும் வீட்டில் அது ஒரு தேர்வு. குடும்ப அட்டையின் அரிசியால் வயிறு நிரம்பும் தாராவி வீட்டில், குறைத்த சோற்றின் இடத்தை எது நிரப்பும்? நீரிழிவை ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று ஆய்வேடுகளில் எழுதும் மாணவ நண்பர்கள், அந்த வாழ்க்கைமுறையில் எவ்வளவு பங்கை நோயாளி தாமே தேர்ந்தார் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.